எதை எடுக்கப் போறீங்க, டாக்டர்?

என் கடையில் ஒரு ஆர்டர் நோட்டு உண்டு. யாருடைய பிளவுஸ், என்ன அளவு, என்றைக்கு டெலிவரி என்று எழுதி வைப்பேன். அதில் ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் காலியாக இருக்கும். தேதிக்கு நேராகப் பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். அந்த நாட்களில் யாருக்கும் டெலிவரி ஒத்துக்கொள்ள மாட்டேன். கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு மட்டும்தான் அந்தக் குறியின் அர்த்தம் தெரியும். கடலூர் திருப்பாப்புலியூரில் இந்தத் தையல் கடையை ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. பழைய நோட்டுகளைப் புரட்டினால் 2024 ஜனவரி வரை அந்தக் குறி இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

அந்த ஜனவரி கடைசியில், 41 வயதில், எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. காரணம் எண்டோமெட்ரியோசிஸ். அளவு கொடுக்க வரும் பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னால் குரலைத் தாழ்த்தி இதைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பார், பாதிதான் சொல்ல முடியும். அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 13 வயதிலிருந்தே அந்த நாட்களில் வலி. அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பார். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். 2007இல் மகள் பிறந்தாள். ஒரு வருடம் நன்றாக இருந்தேன். அப்புறம் வலி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அடிவயிறு மட்டுமல்ல. அந்த நாட்களில் மலம் கழிக்கப் போனால் உள்ளே கத்தியை வைத்து இழுப்பதுபோல் இருக்கும். இடுப்பிலிருந்து இடது தொடைவரை வலி இறங்கும். கணவரோடு சேரும்போதும் ஆழத்தில் வலிக்கும். இந்த மூன்றையும் நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. ஒரு நாள் இந்த மூன்றையும் சொன்ன பிறகுதான் என் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது 33 வயது. ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்தார்கள். கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றார்கள். "குழந்தைதான் இருக்கே, எடுத்துடலாம்மா. அடுத்த வாரமே செய்யலாம்." ஐந்து நிமிடப் பேச்சு. எடுத்தால் வலி முழுக்கப் போய்விடுமா என்று தயங்கிக் கேட்டேன். எல்லாம் போய்விடும் என்றார்கள். பணம்கூடப் புரட்டிவிட்டோம். தீபாவளி ஆர்டர் கைநிறைய இருந்ததால் தள்ளிப் போனது. அப்படியே நின்றும் போனது. அன்றைக்கு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த நாளில்தான் புரிந்துகொண்டேன். கர்ப்பப்பை போயிருக்கும், நோய் குடல் மேல் அப்படியே இருந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் வந்த ஆபத்து இல்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை 3 மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 3.3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது.

சரி, நோயைப் பற்றி. 36 வயதில் புதுச்சேரியில் பார்த்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். "கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு லைனிங் இருக்கு. மாசாமாசம் அது வளர்ந்து, கரு தங்கலைன்னா உரிஞ்சு ரத்தமா வெளியே வருது. உங்களுக்கு அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியேயும் வளர்ந்திருக்கு." துணியோடு பிழைக்கிற எனக்கு லைனிங் என்ற சொல் உடனே பிடிபட்டது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே, சினைப்பை மேலும் குடல் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதம் பிறந்தால் அதுவும் வீங்குகிறது, கசிகிறது. அந்த ரத்தத்துக்கு வெளியே போக வழி இல்லை. அங்கேயே புண்ணாகி, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துவிடுகிறது. சினைப்பைக்குள் தேங்கிய பழைய ரத்தம் கெட்டியாகிப் பழுப்பாக இருக்கும். அதற்குத்தான் சாக்லேட் சிஸ்ட் என்று பெயர். எனக்கு இடது சினைப்பையில் 5 சென்டிமீட்டருக்கு இருந்தது. இந்த நோய் உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர் வெந்தய மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, இரண்டு வருடம் சாப்பிட்டேன். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. மனசும் எதற்கெடுத்தாலும் சோர்ந்துபோனது. நிறுத்தினோம். 2023இல் வலி எல்லை மீறியபோது லியூப்ரோலைடு ஊசி, மாதம் ஒன்றாக மூன்று போட்டார்கள். அது சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்க வைக்கும் மருந்து. வலி நின்றது, ஆனால் உடம்பு அனலாகக் கொதித்தது. நடு இரவில் ஜாக்கெட் தொப்பலாக நனைந்து எழுந்து உட்காருவேன். சினைப்பை இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதை அந்த மூன்று மாதம் காட்டிக் கொடுத்தது. பின்னால் முடிவெடுக்க அது உதவியது.

ஊசி நின்றதும் பழைய கதை. ஸ்கேனில் சிஸ்ட் 7 சென்டிமீட்டர். கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயும் நோய் இறங்கியிருந்தது, அதற்கு அடினோமயோசிஸ் என்று பெயர். ரத்தப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் 8.4க்கு வந்துவிட்டது. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை 35க்குள் இருக்க வேண்டும், எனக்கு 96. அதை போனில் தேடிப் பார்த்துவிட்டு கேன்சர் என்றே முடிவு கட்டி, ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தேன். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே அந்த எண் ஏறும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. உங்களுக்கும் அந்த ரிப்போர்ட் கையில் வந்தால் போனைத் திறக்காமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வி: எதை எடுக்கப் போறீங்க, எதை விடப் போறீங்க?

அவர் முழுசாகப் பதில் சொன்னார். கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும், அடினோமயோசிஸ் வலி போகும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. அதைத் தேடித் தேடி எடுத்தால்தான் பலன். எம்.ஆர்.ஐ.யில் என் கர்ப்பப்பையின் பின்பக்கம் மலக்குடலோடு ஒட்டியிருந்தது. அதனால் குடல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரும் தியேட்டரில் இருப்பார். கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு குழாய்கள், சிஸ்ட் இருந்த இடது சினைப்பை, குடல் மேல் இருந்த முடிச்சு, எல்லாம் போகும். மிச்சம் வலது சினைப்பை. "அதை எடுத்துட்டா நோய் திரும்பி வர்ற வாய்ப்பு குறையும். ஆனா நாளைக்கே மெனோபாஸ். எலும்பு தேயும், ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். விட்டா ஹார்மோன் இருக்கும், நோய் திரும்பக் கொஞ்சம் வாய்ப்பும் இருக்கும். ரெண்டுமே தப்பில்லை. யோசிச்சு சொல்லுங்க."

அந்த அனலடித்த மூன்று மாதத்தை நினைத்துப் பார்த்தேன். வலதை விடச் சொன்னேன்.

பலருக்கும் இங்கேதான் குழப்பம். "கர்ப்பப்பையை எடுத்தா இடுப்பு போயிடும், உடம்பு ஊதிடும்" என்று பண்ருட்டியிலிருந்து அம்மா தினமும் போன் செய்து அழுதார். ஹார்மோன் சுரப்பது சினைப்பை, கர்ப்பப்பை இல்லை. கர்ப்பப்பை போனால் மாதவிடாய் நிற்கும், இனிப் பிள்ளை இல்லை. சினைப்பை ஒன்று இருக்கும்வரை உடம்புக்கு வயது திடீரென்று ஏறாது. அது கொஞ்சம் சீக்கிரம் ஓயலாம், அவ்வளவுதான். இதை அம்மாவுக்குப் புரிய வைக்க நான்கு நாள் ஆனது.

தேதியைப் பொங்கல் ஆர்டர் முடிந்ததும் வைத்துக்கொண்டோம். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, ரத்தம் ஏற வேண்டும். இரும்புச் சத்தை ட்ரிப்ஸில் ஏற்றி ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 11 ஆனது. ஈசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது எல்லாம் வழக்கம்போல.

வீட்டில் செய்த ஏற்பாடுதான் முக்கியம். நாங்கள் பாயில் படுக்கிறவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தரையிலிருந்து எழுந்திருக்க வயிற்றுத் தசை ஒத்துழைக்காது. நாத்தனார் வீட்டிலிருந்து கட்டில் வந்தது. குந்தி உட்காரும் கழிப்பறை மேல் வைக்க நடுவில் துளையுள்ள நாற்காலி வாங்கினோம். அது இல்லாவிட்டால் முதல் இரண்டு வாரம் ரொம்பச் சிரமப்பட்டிருப்பேன். குடம், மாவு டப்பா, குக்கர் எல்லாவற்றையும் குனியாமல் எட்டும் உயரத்துக்கு மகள் மாற்றி வைத்தாள்.

எனக்கு நானே நான்கு நைட்டி தைத்துக்கொண்டேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, இடுப்பில் எலாஸ்டிக்கோ நாடாவோ இல்லாமல். இதைப் பெண்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: வயிற்றில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தொப்புளில் ஒன்று, அதற்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு மூன்று துளைகள் வரும். பாவாடை நாடா இறுக்குகிற அதே இடம். ஒரு மாதத்துக்குப் பாவாடை வேண்டாம். வயிற்றிலிருந்து ஒரு குழாய் வந்து பையில் வடியும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குத் தோளில் மாட்டும் பருத்திப் பை ஒன்றும் தைத்தேன். அந்தப் பையைப் பார்த்துவிட்டு பக்கத்து பெட் அம்மா தனக்கும் ஒன்று கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு தைத்து அனுப்பினேன்.

முந்தின நாள் சாப்பாடு கிடையாது. குடலைச் சுத்தம் செய்ய 2 லிட்டர் உப்புக் கரைசல். இரவு சம்மதப் படிவம் வந்தது. வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். நான் வாங்கி முதலிலிருந்து படித்தேன். ஓரிடத்தில் 'தேவைப்பட்டால் வலது சினைப்பையும்' என்று இருந்தது. எப்போது தேவைப்படும் என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கலாமா என்று எனக்கே கூச்சம். டியூட்டி டாக்டர் பெரிய டாக்டருக்கே போன் போட்டுக் கொடுத்தார். "உள்ளே பார்க்கும்போது கேன்சர் மாதிரி சந்தேகம் வந்தாலோ, ரத்தம் நிறுத்த முடியாமப் போனாலோ மட்டும்தான். இல்லைன்னா தொட மாட்டேன்." அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மூன்றரை மணி நேரம் ஆனது என்றார்கள். கண் விழித்ததும் நான் கேட்டது, "தோள்பட்டை ஏன் இப்படி வலிக்குது?" வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும், அந்த நரம்பு வலியைத் தோளில் காட்டும் என்றார் சிஸ்டர். இரண்டு நாளில் போய்விட்டது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் மாரடைப்போ என்று பயந்திருக்க மாட்டேன். காலில் ரத்தம் உறையாமல் இருக்கக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். அது எனக்குப் பழகின அசைவு. கண்ணை மூடிக்கொண்டு மிஷின் மிதிப்பதாக நினைத்துக்கொள்வேன். அன்று சாயங்காலமே எழுப்பி நிற்க வைத்தார்கள்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" இரண்டாம் நாள் இரவு பிரிந்தது. இளநீர், கஞ்சித் தண்ணீர், அப்புறம் இட்லி. குடலை வெட்ட வேண்டி வரவில்லை, மேலே இருந்த முடிச்சைச் சீவி எடுத்துவிட்டார்கள். வலது சினைப்பை பத்திரமாக இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரியாங்குப்பம் தாண்டி முள்ளோடை வரைக்கும் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பதை அன்றுதான் எண்ணினேன். வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். தலையணை நிஜமாகவே உதவும். இருமும்போதும் தும்மும்போதும்கூட.

"பச்சை உடம்பு" என்று அத்தை என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் நிறையக் குடித்தால் புண் ஆறாது என்று ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் கொடுத்தார். மூன்று நாள் மலம் போகவில்லை. முக்கவும் கூடாது. உள்ளே தையல் இருக்கிறது. டாக்டர் லாக்டுலோஸ் சிரப்பும் 2 லிட்டர் தண்ணீரும் எழுதிக் கொடுத்தார். "அத்த, இது டாக்டர் எழுதினது" என்று சீட்டைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப சீரகத் தண்ணியாக் குடி" என்று ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கொடுத்தார். சுறாப் புட்டு, முருங்கைக் கீரை, பப்பாளி என்று என்னைத் தேற்றியது அவர்தான்.

ஒன்பதாம் நாள் அழுதேன். அலமாரியில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை மகள் தன் அறைக்கு எடுத்துப் போனாள். "இனிமே இது எனக்கு மட்டும்தானேம்மா" என்றாள், சாதாரணமாக. எனக்கு அந்தக் கர்ப்பப்பை வேண்டாம், வலி வேண்டாம், ரத்தம் வேண்டாம். இருந்தும் அழுகை வந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காரணம் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். வலி இல்லை, உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டேன். அதுவரை லேசான பழுப்புக் கசிவுதான். அன்று இரவு புது ரத்தம் பட்டது. மறுநாளே புதுச்சேரி. கர்ப்பப்பை வாயை எடுத்த இடத்தில் யோனியின் மேல் முனையை மூடித் தைத்திருப்பார்கள், அந்தத் தையல் பிரியவில்லை, நல்லவேளை. ஆறு வாரம் 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்பது வெளியே தெரியும் நான்கு சின்னத் தழும்புக்காக இல்லை, உள்ளே யாருக்கும் தெரியாத அந்தத் தையலுக்காக. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சு வாங்குவது, தன்னையறியாமல் சிறுநீர் ஒழுகுவது, இதில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் கடைச் சுவரில் இருக்கிறது.

மாசி மகத்துக்கு நான் போகவில்லை. தேவனாம்பட்டினம் கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்று மகள் விடவில்லை. தீர்த்தவாரிக்குப் போகும் சாமிகளின் மேளச் சத்தத்தைக் கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு பிளவுஸ், கையில் ஊசி. ஊக்கு வைக்கிற வேலையை அன்றுதான் மறுபடி தொடங்கினேன். மிஷினில் உட்கார்ந்தது எட்டாவது வாரம், அதுவும் காலால் மிதிக்கிற மிஷினுக்கு மோட்டார் பொருத்திய பிறகு. கட்டிங் டேபிளில் குனிந்து நிற்க மூன்று மாதம் ஆனது.

பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டு பக்கம். கர்ப்பப்பைத் தசை, சினைப்பை, குடல் முடிச்சு, ஒவ்வோர் இடத்திலும் நோய் இருந்ததாக எழுதியிருந்தது. கேன்சர் இல்லை. அதை நான் பலமுறை படித்தேன். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று 28 வருடம் கேட்ட பேச்சுக்குப் பதில் அந்தத் தாளில் இருந்தது. அத்தையிடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "குடல்லயுமா இருந்துச்சு?" என்றார். பிறகு என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. பாத்ரூம் வலி இல்லை. கணவரோடு எட்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள், நாங்கள் மூன்று மாதம் பொறுத்தோம். கல்யாணமாகி முதல்முறையாக வலிக்கவில்லை. இதை எழுதத் தயங்கினேன். ஆனால் இந்த ஒன்றுக்காகவே கணவரைத் தவிர்த்து, தன் மேல்தான் குறை என்று நினைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். வலது பக்கம் மாதத்தில் ஓரிரு நாள் லேசாக இழுக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கிறேன்.

போன மாதம் கடை நோட்டில் ஒரு பெருக்கல் குறியைப் பார்த்தேன். என் கையெழுத்து இல்லை. கல்லூரி விட்டு வந்து கடையில் உதவி செய்யும் மகள் போட்டது. முந்தின மாதமும் இருந்தது, அதற்கு முந்தின மாதமும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இரவு அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, என்னிடம் யாரும் கேட்காத அந்த மூன்று கேள்விகளில் அவளிடம் கேட்கக்கூடிய இரண்டைக் கேட்டேன். பாத்ரூம் போகும்போது வலிக்குதா? தொடைக்கு இறங்குதா? கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவது இல்லம்மா" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் புதுச்சேரி போகிறோம். அன்றைக்குச் சொல்லியிருந்த மூன்று டெலிவரிகளை வெள்ளிக்கு மாற்றிவிட்டேன்.